சுத்தமான சளி

அந்தப் பையைக் கீழ வைக்காதீங்கம்மா. பஸ்சுத் தரையில யாரு என்னத்தைத் துப்பி வச்சிருப்பாங்களோ. மடியில வச்சுக்கங்க, இல்ல நமக்கு நடுவுல வச்சுருங்க. பட்டுதான? உள்ள பார்க்க வேணாம், பையைப் பார்த்தாலே தெரியுது. எங்க கடைப் பை. மாடியில பட்டு செக்சன் நான்தான் பார்த்துக்கிறேன். இன்னைக்கு லீவு, இல்லன்னா உங்களுக்கு நான்தான் விரிச்சுக் காட்டியிருப்பேன். யாரு காட்டுனது, கண்ணாடி போட்ட புள்ளையா? அவ நல்லாத்தான் காட்டுவா. நான் பழக்குன புள்ள.

அந்தச் சன்னலை மட்டும் கொஞ்சம் சாத்திக்கிறீங்களா? எதிர்க்காத்து நெஞ்சுல அடிக்குது. பயப்படாதீங்க, ஒட்டுற சீக்கு இல்ல. அதை முதல்லயே சொல்லிர்றேன். நானும் பார்க்கிறேன், ஏறுனதுல இருந்து இந்தப் பெரிய கவரைப் பார்க்கிறதும் கேக்கலாமா வேணாமான்னு திரும்பிக்கிறதுமா இருக்கீங்க. நெஞ்சு ஸ்கேனுதான். ஆஸ்பத்திரியில இருந்துதான் வர்றேன். நீங்க திருப்பத்தூரா? நான் மேலூர்ல இறங்கிருவேன். அதுக்குள்ள சொல்லிர்றேன், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. யாருகிட்டயாச்சும் சொல்லலைன்னா எனக்கு வயித்தெரிச்சல் அடங்காது.

எனக்குச் சின்ன வயசுல கக்குவான் இருமல் வந்து செத்துப் பொழைச்சேன். அதுலயே நெஞ்சுக்குள்ள மூச்சுக்குழாய் அங்கங்க விரிஞ்சு தொளதொளன்னு ஆகிப்போச்சாம். அப்ப யாருக்கும்மா தெரியும் அதெல்லாம். சளி கட்டும், இருமுவேன், எங்கம்மா கற்பூரவல்லிச் சாறு குடுக்கும், அவ்வளவுதான். கல்யாணமாகி, கடை வேலைக்கு வந்த பொறவுதான் இருமுறதே ஒரு குத்தமாச்சு.

கடையில ஒரு சட்டம் உண்டு. விரிச்ச சேலைக்கு முன்னால தும்மக் கூடாது, இருமக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது. அதுல தப்பும் இல்ல. முகூர்த்தப் பட்டு, சாமி முன்னால வச்சுக் கும்புடப்போற துணி. பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு வண்டி ஆளுக வந்து உக்காந்திருப்பாங்க. சேலையை விரிக்கிறப்ப எவளாச்சும் ஒரு தும்மல் போட்டான்னு வைங்க, சகுனம் சரியில்லைன்னு மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு எதுத்த கடைக்குப் போயிரும். நான் கண்ணால பார்த்திருக்கேன்.

அதனால கத்துக்கிட்டேன். இருமல் கிளம்புதுன்னு தெரிஞ்சதும் நாக்கை மேல அழுத்திக்கிட்டு, மூக்கால மெல்ல மூச்சை விட்டு, மேல வந்ததை அப்படியே முழுங்கிரணும். மூஞ்சியில சிரிப்பு மாறக் கூடாது. "அம்மா, இதைப் பாருங்க, மயில்கழுத்துக் கலரு, கோர்வை பார்டரு"ன்னு பேச்சும் நிக்கக் கூடாது. என் சர்வீசுல என் இருமலைக் கேட்ட கஸ்டமர் ஒருத்தர் கிடையாது. பெரிய முதலாளி இருந்த வரைக்கும் புதுசா சேர்ற புள்ளைகளை என்கிட்டதான் அனுப்புவாரு, "அமராவதிகிட்ட நின்னு கத்துக்க"ன்னு. சுகந்தின்னு ஒருத்தி, அடக்கவே தெரியாம லொக்கு லொக்குன்னு இருமுவா. எத்தனையோ தடவை சொல்லிக் குடுத்தேன். கேக்கல. நான்தான் அவளைக் கோடவுனுக்கு மாத்தச் சொன்னேன். அழுதா. நான் என்ன செய்யிறது, தொழில்னா தொழில்தான்.

ரெண்டு ரெண்டரை வருசம் முன்னால, ஒரு கல்யாண சீசன்ல ஆரம்பிச்சுச்சு வினை. சாயங்காலமானா உடம்பு கதகதன்னு இருக்கும். சோறு இறங்காது. கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா ஜாக்கெட்டெல்லாம் தோள்ல நிக்காம வழியுது. ஒருநாள் வாய் கொப்பளிச்சா ரத்தம். எங்க ஊர் டாக்டர் படத்தைப் பார்த்ததும் டிபின்னுட்டாரு. சளியை ஒழுங்கா பரிசோதிக்கிறதுக்கு முன்னாலயே மாத்திரையை ஆரம்பிச்சுட்டாரு. ஆறு மாசம் தின்னேன். ஒரு மசுரும் குறையல. மன்னிச்சுக்கங்கம்மா, வாய் அப்படி வந்துருது.

ஊரு வாயை மூட உலைமூடி ஏது? கடைக்குத் தெரிஞ்சு போச்சு. ஒருநாள் மத்தியானம் சாப்பிடப் போனா, என் டம்ளரை மட்டும் தனியா எடுத்து சன்னல் மேல வச்சிருக்காளுக. யாருடி வச்சதுன்னு கேட்டா, "யாரும் வைக்கலையேக்கா"ங்கிறாளுக. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறாளுக. நான் பழக்குன புள்ளைக. அந்த டம்ளர்ல தண்ணி குடிக்காமயே மேல போனேன். அன்னைக்குப் பட்ட வேதனை மாதிரி இந்த நோவுல கூடப் படல. மறுவாரமே சின்ன முதலாளி என்னைக் கீழ துண்டு, கைலி செக்சனுக்குப் போகச் சொல்லிட்டாரு. பட்டு விரிச்ச கையால கைலி உதறுனேன்.

பொறவுதான் இந்த மணவாளன் டாக்டர்கிட்ட போனோம், நெஞ்சு டாக்டர். அவரு மயக்க மருந்து குடுத்து, குழாய் விட்டு, நெஞ்சுக்குள்ள இருந்து சளி எடுத்தாரு. பார்த்துட்டு, "அம்மா, உங்களுக்கு டிபியே இல்ல"ன்னாரு. எனக்குக் கையெடுத்துக் கும்புடணும்போல இருந்துச்சு. அப்புறம் மெல்லச் சொல்றாரு, "டிபிக் கிருமிக்கு இது பங்காளி. என்டிஎம்னு பேரு. தண்ணியில, மண்ணுல எல்லா இடத்துலயும் கிடக்கும். நல்ல நெஞ்சுள்ளவங்களை ஒண்ணும் செய்யாது. ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குப் பெரும்பாலும் ஒட்டாது. உங்க குழாய் விரிஞ்சு, சளி தேங்கிக் கிடக்கிறதால குடியேறிருச்சு. வாய்க்கால்ல தண்ணி ஓடுனா பாசி புடிக்குமா? தேங்குனா புடிக்கும்ல."

சரி, டிபி இல்லைல்ல, மாத்திரை வேண்டியதில்லைல்லன்னு கேட்டேன். மூணு தினுசு எழுதுறாரு. அதுல ரெண்டு பழைய டிபி மாத்திரை. இதை நான் எப்படிம்மா கடையில போய்ச் சொல்றது? டிபி இல்லையாம், டிபி மாத்திரை திங்கணுமாம். கேக்கிறவன் கேனையனா? ஒண்ணுக்குப் போனா காவிக் கலர்ல வருது. ஒரு மாத்திரையால கண்ணு கெட்டாலும் கெடும்னு கண் டாக்டர்கிட்ட வேற அனுப்பிட்டாரு. அங்க ஒரு சின்னப் பையன் கலர் புள்ளி போட்ட அட்டையைக் காட்டி, "செவப்பு பச்சை தெரியுதா"ங்கிறான். அரக்குக் கலரையும் மாந்துளிர்க் கலரையும் டியூப்லைட் வெளிச்சத்துல தூரத்துல இருந்து பிரிச்சுச் சொல்றவகிட்ட.

அதோட விட்டாரா? "மருந்து பாதிதான், மிச்சப் பாதி உங்க கையில"ன்னு பெனிட்டான்னு ஒரு புள்ளைகிட்ட அனுப்புனாரு. நெஞ்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்கிற புள்ள. காலையும் சாயங்காலமும் உப்புத்தண்ணி ஆவியை மிசின்ல இழுக்கணும், ஒரு குழல்ல ஊதணும், ஒருக்களிச்சுப் படுத்து, ஹஃப் ஹஃப்னு மூச்சைத் தள்ளி, இருமி, அடியில கிடக்கிறதெல்லாம் வெளிய எடுக்கணுமாம். "முழுங்கவே கூடாது ஆன்ட்டி, அடக்கவே கூடாது"ங்கிறா. அவ வயசு என் சர்வீசு. வீட்டுல வாஷ்பேசின் சோறு திங்கிற இடத்துக்குப் பக்கத்துல இருக்கு. அங்க நின்னு நான் காறிக்கிட்டு இருக்கிறதா? எங்க வீட்டுக்காரரு காறுவாரு, தெருமுனைக்குக் கேக்கும். வெக்கமே கிடையாது அந்த மனுசனுக்கு. நெஞ்சு மட்டும் இரும்பாட்டம் வச்சிருக்காரு, அது என்ன வரமோ. "நல்லா இருமிட்டுப் போ புள்ள, இங்க யாரு இருக்கா"ம்பாரு. அவருக்கென்ன, லாரி ஓட்டுறவரு. மிசினை வாங்குனது வாங்குனதுதான், பீரோ மேல நல்லாத்தான் இருக்கு.

ஆனா மாத்திரை விசயத்துல நான் சுத்தம்மா. ஒருநாள் விட்டதில்ல. குமட்டும், வாயெல்லாம் கசக்கும், முழுங்கிருவேன். முழுங்கிறதுதான் நமக்குக் கைவந்ததாச்சே. டாக்டர் சொன்ன கணக்கு இதுதான். மாசாமாசம் சளி குடுக்கணும். அதை வளர்த்துப் பார்ப்பாங்க. எந்த மாசம் கிருமி இல்லாம சுத்தமா வருதோ, அங்க இருந்து இன்னும் ஒரு வருசம் மாத்திரையை நிக்காமத் திங்கணும். அதுக்கப்புறம் நிறுத்திரலாம். சின்ன முதலாளியும் அதையேதான் கேட்டாரு. "சுத்தமா ரிப்போர்ட் கொண்டாங்க, மாடிக்கு ஏத்துறேன்." ஆக ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒரே காயிதம்.

முதல் மாசம் குடுத்த டப்பாவை லேப்ல திருப்பிக் குடுத்துட்டாங்க. "இது எச்சிலு, சளி வேணும்"னு அத்தனை பேர் முன்னால சொல்றா ஒருத்தி. எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்போல இருந்துச்சு. அப்புறம் வீட்டுல யாரும் இல்லாதப்ப கதவைச் சாத்திக்கிட்டு இருமி எடுத்தேன். எடுத்துப் பார்த்தா, சொல்லக் கூடாது, பச்சையும் மஞ்சளுமா, கட்டிகட்டியா. இதைக் கொண்டுபோய் ஒரு புள்ள மேசையில எப்படிம்மா வைக்கிறது? அவளும் சோறு திங்கிறவதான? சேலையில ஒரு இழை அறுந்திருந்தா அதை மடிப்புக்குள்ள வச்சுட்டு நல்ல பக்கத்தைத்தான் விரிப்போம். உங்க சேலையில அப்படி எதுவும் இருக்காது, அதை ஏன் பார்க்கிறீங்க, சும்மா சொன்னேன். அது மாதிரி அந்தக் கட்டியையெல்லாம் தண்ணி விட்டு அலசிக் கீழ ஊத்திட்டு, வெள்ளையா, பார்க்க லட்சணமா இருக்கிறதை மட்டும் டப்பாவுல புடிச்சுக் குடுத்தேன். லேப்ல வாங்கிக்கிட்டாங்க. ஒவ்வொரு மாசமும் அப்படித்தான் மெனக்கெட்டேன். யாரும்மா செய்வா அந்த அளவுக்கு?

ரிப்போர்ட் சுத்தம். அடுத்த மாசமும் சுத்தம். சின்ன முதலாளி சொன்ன வாக்கைக் காப்பாத்துனாரு, பட்டுக்கு ஏறிட்டேன். டாக்டர் மட்டும் ஒவ்வொரு தடவையும் காயிதத்தையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்ப்பாரு. "ரிப்போர்ட் நல்லா இருக்கு, எடை ஏறலையேம்மா"ம்பாரு. நான் புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்கிற ஆளு. கடைசியில ஒரு வருசம் ஆச்சு, கணக்குப்படி மாத்திரையை நிறுத்துனாரு. நான் பேச்சியம்மனுக்குப் பொங்கல் வச்சேன்.

பொங்கல் வச்ச பானை காயலைன்னுதான் சொல்லணும். மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் ரத்தம். இன்னைக்கு ஸ்கேன். படத்தை வெளிச்சத்துல மாட்டிப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காரு. நெஞ்சுல வலது பக்கம் ஒரு ஓட்டை, முதல் படத்துல இருந்ததை விடப் பெருசாம். எனக்கு ஆத்திரம் தாங்கல. "என்ன டாக்டர், நீங்க சொன்ன மாத்திரையெல்லாம் தின்னேன், எல்லா ரிப்போர்ட்டும் சுத்தமா இருக்கு, எனக்கு ஏன் இப்படி? உங்க மருந்து சரியில்லையா, உங்க லேப்பு சரியில்லையா?"ன்னு கேட்டே புட்டேன். வெளிய உக்காந்திருந்தவங்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அவரு கோவப்படல. "வாங்கம்மா, இப்ப என் முன்னாலயே எடுங்க"ன்னு எந்திரிச்சுட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் காத்தோட்டமா ஒரு இடம் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. பெனிட்டா ஆவியை இழுக்கச் சொல்றா, முதுகுல தட்டுறா, இருமுங்க இருமுங்கங்கிறா. எனக்கு வரலைம்மா. வரவே இல்ல. ரெண்டு பேரு வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க, எப்படி வரும்? நெஞ்சு வரைக்கும் வருது, தன்னால உள்ள போயிருது. "ஆன்ட்டி, முழுங்குறீங்க"ங்கிறா. நான் எங்க முழுங்குனேன், அது தானாப் போகுது. எவ்வளவு நேரமோ. கடைசியில அவ என்னைக் குப்புறக் கவுத்து விலாவுல கையை வச்சு ஒரு தள்ளு தள்ளுனா பாருங்க, கொடலே வெளிய வந்துரும்போல இருமிட்டேன். எல்லாம் வந்துருச்சு. பச்சை, ரத்தம், எல்லாம். டப்பாவையும் தாண்டி அந்தப் புள்ள கையில. எனக்கு உசுரே போச்சு. "மன்னிச்சுருங்கம்மா, மன்னிச்சுருங்க டாக்டர்"னு முந்தானையாலயே தொடைக்கப் போயிட்டேன்.

அவரு அந்த டப்பாவைத் தூக்கிப் பார்க்கிறாரு. "இதைத்தானம்மா இத்தனை நாளாக் கேட்டேன். இது இவ்வளவு நாளா எங்க போச்சு?"ன்னாரு.

உள்ளதைச் சொன்னேன். "இதெல்லாம் மேல வரத்தான் செஞ்சுச்சு டாக்டர், அசிங்கமா இருக்குன்னு அலசி ஊத்திட்டு, நல்லதாப் பார்த்துத்தான் உங்களுக்குக் குடுத்தேன்."

டாக்டரும் பெனிட்டாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறாங்க. அவங்க அருவருப்புப் படக் கூடாதுன்னுதான நான் அந்தப் பாடு பட்டேன்? ஒரு நன்றி கிடையாது. அதுதான்மா எனக்குத் தாங்கல.

அப்புறம் ரூமுக்கு வந்து ரொம்பத் தன்மையாத்தான் சொன்னாரு. திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமாம். அந்தச் சுத்தக் கணக்கு செல்லாதாம், மாத்திரையைப் பாதியில நிறுத்துனதா ஆகிப்போச்சு, பழைய மாத்திரைக்குக் கிருமி இனிமே மசியுமான்னு தெரியலையாம், ஊசி போட வேண்டி வரலாமாம். இன்னைக்கு ஒண்ணு எடுத்தாச்சு, நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் இன்னொண்ணு குடுக்கணும், ரெண்டுலயும் என்ன வளருதுன்னு பார்த்துத்தான் மருந்தாம். இந்தா, டப்பா குடுத்து விட்டிருக்காரு. "இருக்கிறதுலயே மோசமானதை எனக்குக் குடுங்கம்மா. நீங்க நல்லதைக் குடுத்தா நான் தப்பான மருந்து குடுப்பேன், வலது பக்கத்துல மிச்சம் இருக்கிறதும் போயிரும். அப்புறம் மூச்சுக்கே மிசின்தான்"னாரு. இத்தனை வருசத்துல மோசமானதை எடுத்துக் காட்டுங்கன்னு கேட்ட ஆளை நான் இன்னைக்குத்தான்மா பார்க்கிறேன்.

அவரு சொல்லிட்டாரு. ஆவணி பொறக்கப் போகுது, கடையில முகூர்த்தப் பட்டு வந்து இறங்கிருச்சு. சின்ன முதலாளி நேத்தே கேட்டாரு, "என்னக்கா, மறுபடியும் ஆஸ்பத்திரியா? சீசனுக்கு முன்னால ரிப்போர்ட்டைக் காட்டிருங்க." கிருமின்னு ஒரு எழுத்து அதுல இருந்தா மறுபடியும் கைலிதான். கைலி கூட இருக்காது, கோடவுன்தான். அந்தப் புள்ள சுகந்தி பக்கத்துல போய் நான் உக்காரணும். அவ என்னைப் பார்த்து என்ன நினைப்பா? செத்தாலும் சாவேனே தவிர, ஏம்மா, அங்க போவேனா நான்?

என்ன அப்படிப் பார்க்கிறீங்க? அழுகல. கண்ணுல தண்ணி வர்றது இருமலுக்கு. ஒரு நிமிசம்.

ம்.

இல்லம்மா, துப்புறதுக்குப் பை வேணாம், நீங்க சேலையை எடுத்து அதைக் காலி பண்ணாதீங்க. வேணாம்ங்கிறேன்ல. பஸ்சு நிறையச் சனம் இருக்கு.

ஆச்சு. உள்ள போயிருச்சு. கேட்டுச்சா உங்களுக்கு? பக்கத்துல உக்காந்திருந்தும் கேக்கலைல்ல. அதைத்தான் சொல்றேன், இந்த வித்தை இருக்கிற வரைக்கும் கடையில என்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

மேலூர் வந்துருச்சு. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு தெரியுது, எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்லப்போறாரு. நானும் ஆஸ்பத்திரியில இருந்து இங்க வர்ற வரைக்கும் யோசிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். டாக்டரைப் பகைச்சுக்க முடியாது. கடையையும் விட முடியாது. நாளைக்குக் காலையில ரொம்ப மோசமானதும் வேணாம், ரொம்ப வெள்ளையும் வேணாம். நடுத்தரமா ஒண்ணு பார்த்து எடுத்துக் குடுத்துர்றேன். ரெண்டு பேருக்கும் மனக்குறை இருக்காதுல்ல. காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்கம்மா, இறங்கிக்கிறேன்.